பாதி பாதியாகக் குறைந்து மறைந்துவிடுமாம்

ஞாயிற்றுக்கிழமை இணையக் கூட்டத்தில் நடந்ததைப் பலரும் பார்த்தீர்கள். மரபணு மாற்றிய தீவனப் புல் பரவினால், அதை விதைக்காத விவசாயி எதை வைத்து அழிப்பார் என்று நான் கேட்டதற்கு, "அந்த மரபணு தலைமுறைக்குத் தலைமுறை பாதியாகி மறைஞ்சிடும், பயப்படாதீங்கம்மா" என்று பேச வந்தவரின் பதில். கூடவே சிரிப்பு.

மறையாது. நுழைத்த மரபணு ஒரு பிரதி இருக்கும் செடியின் மகரந்தத்தில் பாதி அதைச் சுமக்கும். அது பக்கத்துச் சாதாரணப் புல்லில் சேர்ந்தால் விதையில் ஏறக்குறைய பாதிக்கு மரபணு போகும். ஆனால் ஒரு செடி ஒரே ஒரு விதையா போடுகிறது? அதனால் மொத்தப் புல்லில் அதன் பங்கு தானாகக் குறைவதில்லை. அது களைக்கொல்லி தாங்கும் மரபணு என்றால், மருந்து அடித்ததும் மற்றவை செத்து இதுதான் பெருகும். மறையாது.

வேற்று மகரந்தம் சேராமல் கம்புப் பயிரின் கதிருக்கு உறை மாட்டிப் பழகிய கை என்னுடையது. கம்பில் மகரந்தத்தை ஏற்கும் சூல்முடி முதலில் வரும், மகரந்தம் பிறகுதான். சூல்முடி எட்டிப் பார்க்கும் முன்பே பட்டர் பேப்பர் உறையை மாட்டிவிட வேண்டும். தாமதமான கதிரை எங்கள் ஐயா பேசாமல் ஒடித்துப் போடுவார். காற்றில் வரும் மகரந்தத்தை அவ்வளவு மதித்தவர்களிடம் படித்தேன். என்னைப் பார்த்தா சிரிப்பு?

அமெரிக்காவின் ஒரேகான் மாநிலத்தில், கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தாங்கும்படி மரபணு மாற்றிய பென்ட்கிராஸ் புல்லின் மகரந்தம் 21 கிலோமீட்டர் தள்ளி வைத்த செடிகள் வரை போனதை 2004-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். 2010-ல் அதே மாநிலத்து மல்ஹூர் வட்டாரத்துப் பாசன வாய்க்கால்களில் அதே புல் தானாக வளர்ந்து நின்றது. வேறு பேரினப் புல் ஒன்றோடும் அது கலந்திருக்கிறது.

"அது கோல்ஃப் மைதானப் புல்தானே" என்பீர்கள். சரி. தீவனத்துக்கு வளர்க்கும் பலபருவ ரைகிராஸ், உயர ஃபெஸ்கியூ என்ற புற்கள் எப்படி? அவையும் காற்றில் கலப்பவை, பெரும்பாலும் தன் மகரந்தத்தைத் தானே ஏற்காதவை, பல ஆண்டு நிற்பவை. பக்கத்துச் செடியோடு கலந்தால்தான் அவற்றுக்கு விதையே.

"கோ-4 மட்டும் கலப்பு இல்லையா" என்று இன்னொருவர். நம் தீவனப் புல்லான கோ-4, கம்பும் நேப்பியர் புல்லும் சேர்ந்த சாதாரணக் கலப்பு. விதை பிடிக்காது, கரணை நட்டுத்தான் வளர்க்கிறோம். இதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் விவசாயிக்கு உறுதி கொடுப்பதா?

2017 ஜனவரியில் அமெரிக்க வேளாண் துறை அந்தப் பென்ட்கிராஸைக் கட்டுப்பாட்டிலிருந்தே விடுவித்துவிட்டது. வாய்க்கால் ஓரத்தில் அது இன்னும் நிற்கிறது. தண்ணீருக்குப் பக்கத்தில் கண்ட மருந்தையும் அடிக்க முடியாது. விதைக்காத விவசாயி அதை எதை வைத்து அழிப்பார்? ஞாயிறன்று நான் கேட்டது இதைத்தான், பதில் இன்னும் வரவில்லை.