அந்த ஃபார்மில் சுகர் பற்றி ஒரு கேள்வி கூட இல்லை

என் தாய்மாமா லாரி டிரைவர். நாமக்கல் பக்கம் ஊர். 26 வருடமாக ஸ்டியரிங் பிடிக்கிறார். நாசிக்கில் வெங்காயம் ஏற்றிக்கொண்டு சேலம் வருகிற லைன்தான் அதிகம். 2022-ல் அவருடைய ஹெவி லைசென்ஸ் ரினியூவலுக்கு வந்தபோது நான்தான் கூடப் போனேன். மெடிக்கல் சர்டிபிகேட் வாங்க ஒரு கிளினிக்குக்கு அனுப்பினார்கள்.

சின்ன அறை. சுவரில் கண் பரிசோதனை போர்டு இருந்தது. அதன் கீழ்ப் பாதியை மறைத்துக்கொண்டு ஒரு மருந்து கம்பெனி காலண்டர் தொங்கியது. கடைசி நாலு வரி எழுத்தை யாரும் படிக்கவே முடியாது, படிக்கச் சொல்லவும் இல்லை. எங்களுக்கு முன்னால் டிரைவிங் ஸ்கூல் பையன் ஒருவன் ஒரு கட்டு ஃபார்மோடு நின்றான். ஆட்கள் யாரும் அவனோடு வரவில்லை. எல்லாவற்றிலும் கையெழுத்து விழுந்தது. எங்கள் முறை வந்தது. "உடம்பு நல்லா இருக்கா?" என்றார் டாக்டர். "நல்லா இருக்கேனுங்க சார்" என்றார் மாமா. அவ்வளவுதான், சீல் குத்தி முடிந்துவிட்டது.

அதற்கு முந்தின வாரம்தான் மாமாவுக்கு வெறும் வயிற்றில் சுகர் 210 என்று ரிப்போர்ட் வந்திருந்தது. லேப்பில் காசு கட்டியது நான். சீல் விழும்போது மாமா என்னை ஒரு பார்வை பார்த்தார். வாயைத் திறந்துவிடாதே என்பதுதான் அந்தப் பார்வை. நானும் திறக்கவில்லை. வெளியே வந்து, ஏன் மாமா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா கையெழுத்துப் போடுவாங்களா சாமி? லைசென்ஸ் போச்சுன்னா நான் எங்க போறது?"

இதற்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. வீட்டுக்கு வந்து அந்த ஃபார்மை உட்கார்ந்து படித்தேன். அப்புறம் மோட்டார் வாகனச் சட்டத்தையும் படித்தேன். படித்ததைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

டாக்டர் கையெழுத்துப் போடுவது ஃபார்ம் 1ஏ. அதில் கேட்பவை இவைதான்: பார்வைக் குறை உண்டா, கண்ணாடி போட்டால் சரியாகிறதா, கடுமையான நிறக்குருடோ முழு நிறக்குருடோ உண்டா, நல்ல வெளிச்சத்தில் 25 மீட்டர் தள்ளி நிற்கும் காரின் நம்பர் பிளேட் தெரிகிறதா, ஹாரன் சத்தம் கேட்குமா, மாலைக்கண் உண்டா, வண்டி ஓட்ட இடைஞ்சலாகக் கை காலில் குறை உண்டா. இரத்த வகையை விருப்பம் இருந்தால் எழுதலாம். கண்ணைக் கேட்கிறார்கள், காதைக் கேட்கிறார்கள். சுகர் இல்லை, பிரஷர் இல்லை, நெஞ்சுவலி இல்லை, தூக்கம் இல்லை.

டிரைவர் தானே எழுதிக் கொடுக்கிற ஃபார்ம் 1-ல் மட்டும் வலிப்பு, திடீர் மயக்கம், தலைசுற்றல் உண்டா என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆமாம் என்று எழுதினால் என்ன ஆகும் என்பது லைனில் ஓடுகிற அத்தனை பேருக்கும் தெரியும். அதனால் எல்லாரும் இல்லை என்றே எழுதுகிறார்கள்.

சட்டத்தின் 16-வது பிரிவு இன்னும் நேரடியானது. நோயினாலோ உடல் குறையினாலோ ஒருவர் வண்டி ஓட்டத் தகுதியில்லாதவர் என்று நம்புவதற்குக் காரணம் இருந்தால், லைசென்ஸ் அதிகாரி எப்போது வேண்டுமானாலும் லைசென்ஸை ரத்து செய்யலாம், அல்லது மறுபடி மெடிக்கல் சர்டிபிகேட் கேட்கலாம். 186-வது பிரிவின்படி, தனக்கு உடம்பு சரியில்லை, ஓட்டினால் மற்றவர்களுக்கு ஆபத்து என்று தெரிந்தும் ஓட்டினால் முதல் தடவை ஆயிரம் ரூபாய் அபராதம், அடுத்த தடவை இரண்டாயிரம். இந்த அபராதத்தைக் கட்டிவிடலாம். பயமெல்லாம் 16-வது பிரிவு மேல்தான்.

2019 திருத்தத்துக்கு முன்னால் கமர்ஷியல் லைசென்ஸை மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இப்போது ஐந்து வருடம். கேஸ், பெட்ரோல் போன்ற ஆபத்தான சரக்கு ஏற்றுபவர்களுக்கு ஒரு வருடமாக இருந்தது மூன்று வருடம் ஆனது. ஆபீசுக்கு அலைவது குறைந்ததில் எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் சுகர்காரர் ஒருவரின் விழித்திரைக்கு ஐந்து வருடம் என்பது மிக நீண்ட காலம். 2022-ல் நம்பர் பிளேட் படித்த கண் 2027-லும் படிக்கும் என்று எந்தக் கண் டாக்டரும் எழுதிக் கொடுக்க மாட்டார்.

சரி, சுகர் இருந்தால் வண்டியில் என்ன ஆகும்? என் மாமாவுக்கு ஆனதைச் சொல்கிறேன்.

அவர் சாப்பிடுவது கிளிமிபிரைடு கலந்த மாத்திரை. அதைப் போட்டால் நேரத்துக்குச் சாப்பிட்டாக வேண்டும், இல்லையென்றால் சுகர் சடாரென்று இறங்கிவிடும். லைனில் எங்கே நேரத்துக்குச் சாப்பிடுவது? அதனால் வண்டி எடுக்கிற நாட்களில் மாத்திரையையே விட்டுவிடுவார். மாதத்தில் இருபது நாள் வண்டியில்தான் இருக்கிறார். அப்படியென்றால் எத்தனை நாள் மாத்திரை போடுகிறார் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். போன வருடம் ஒருநாள் அத்தை போனில் சத்தம் போட்டதால் மாத்திரையைப் போட்டுவிட்டு ஓட்டியிருக்கிறார். ஓசூர் தாண்டியதும் சாப்பிடலாம் என்று நினைத்தாராம். வெங்காயம் விடிவதற்குள் சேலம் மண்டிக்குப் போகவேண்டும் என்று ஓனர் போன். சரி, சேலத்திலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்.

தருமபுரி தாண்டியதும் உடம்பெல்லாம் வேர்த்திருக்கிறது. முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கு இரண்டு இரண்டாகத் தெரிந்திருக்கிறது. கிளீனர் பையன் ஏதோ கேட்க, இவர் சம்பந்தமில்லாமல் ஏதோ பதில் சொல்லியிருக்கிறார். அந்தப் பையனின் அப்பாவுக்கும் சுகர். அவன் பார்த்த மாத்திரத்தில் புரிந்துகொண்டு, "அண்ணா, ஓரங்கட்டுங்க, ஓரங்கட்டுங்க" என்று கத்தியிருக்கிறான். டேஷ்போர்டில் கிடந்த கடலை மிட்டாயை வாயில் திணித்து, எங்கேயோ ஓடி ஒரு பாட்டில் கூல்டிரிங்க்ஸ் வாங்கி வந்து குடிக்கவைத்திருக்கிறான். வண்டி நின்ற இடத்திலிருந்து தொப்பூர் கணவாய் இறக்கம் சில கிலோமீட்டர்தான். அந்த இறக்கத்தைத் தெரிந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை. எத்தனை கார்கள், எத்தனை குடும்பங்கள் அங்கே லாரிக்கு அடியில் போயிருக்கின்றன.

அந்தப் பையன் தூங்கியிருந்தால்? இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குக் கை நடுங்குகிறது. மாமா உயிருக்காக மட்டும் இல்லை.

அதனால், "பாவம், டிரைவர்களை விட்டுவிடுங்கள்" என்று நான் சொல்ல வரவில்லை. குடித்துவிட்டு ஓட்டுபவரின் லைசென்ஸைப் பிடுங்கத்தான் வேண்டும். கோவையின் எலும்பு முறிவு நிபுணர் டாக்டர் எஸ். ராஜசேகரன் 2012-ல் உச்ச நீதிமன்றம் போனார். விபத்தில் நொறுங்கி வருகிறவர்களைத் தினமும் ஆபரேஷன் டேபிளில் பார்க்கும் மனிதர். அந்த வழக்கில் அமைந்த சாலைப் பாதுகாப்புக் குழுதான் 2015-ல், குடிபோதை, அதிவேகம், சிவப்பு விளக்கைத் தாண்டுவது, ஓட்டும்போது போன் பேசுவது, அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது ஆகியவற்றுக்குக் குறைந்தது மூன்று மாதம் லைசென்ஸ் சஸ்பெண்ட் என்று மாநிலங்களுக்குச் சொன்னது. அவருக்கு நாம் எல்லாரும் கடன்பட்டிருக்கிறோம்.

என் சண்டை வேறு. அந்தப் பட்டியலில் அதிக பாரம் இருக்கிறது, பாருங்கள். பாரத்தை முடிவு செய்வது ஓனரும் சரக்குக்காரரும். லைசென்ஸ் போவது டிரைவருக்கு. கார் வைத்திருக்கிற எனக்கு மூன்று மாதம் சஸ்பெண்ட் என்றால் பஸ்ஸில் போவேன். மாமாவுக்கு மூன்று மாதம் சஸ்பெண்ட் என்றால் சம்பளமும் இல்லை, படியும் இல்லை, வட்டிக்காரர் வாசலில் நிற்பார்.

வேலை நேரமும் அப்படித்தான். 2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த 1961-ம் வருட மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்றது. கமர்ஷியல் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அதே கணக்குதான் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 91-வது பிரிவும் சொல்கிறது. நாசிக்கிலிருந்து சேலத்துக்கு ஒற்றை டிரைவரை விடியற்காலைக்குள் வரச் சொல்லும் ஓனரை இந்தச் சட்டத்தைக் காட்டி யாராவது கேட்டதாக நான் கேள்விப்பட்டதே இல்லை. 188-வது பிரிவு என்று ஒன்றும் இருக்கிறது. உடம்பு முடியாமல் ஓட்டுவதற்கு உடந்தையாக இருப்பவருக்கும் ஓட்டுகிறவருக்குள்ள அதே தண்டனை உண்டு. பட்டினியோடு ஓட்டச் சொல்லி போன் போட்டவருக்கு அந்தப் பிரிவு எப்போது பாயும்?

அரசு பஸ் டிரைவருக்கு நிலைமை கொஞ்சம் வேறு. வேலையில் இருக்கும்போது ஊனம் ஏற்பட்டால் அரசு நிறுவனம் அவரை வெளியே அனுப்பக் கூடாது, அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று 2016-ம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது. நிறக்குருடு என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பப்பட்ட தெலங்கானா பஸ் டிரைவர் ஒருவருக்கு மாற்று வேலை கொடுக்கச் சொல்லி 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. படித்தபோது மனசு நிறைந்தது. ஆனால் தனியார் லாரி ஓட்டுபவருக்கு அப்படி எதுவும் இல்லை. அவருக்குக் கண் போனால் வேலையும் போகும், அதோடு சரி.

அமெரிக்காவில் இன்சுலின் போடுகிற டிரைவர்கள் மாநிலம் விட்டு மாநிலம் கமர்ஷியல் வண்டி ஓட்ட முன்பு தடை இருந்தது, தனியாக விலக்கு வாங்க வேண்டும். 2018-ல் அதை மாற்றினார்கள். இப்போது வைத்தியம் பார்க்கிற டாக்டர் ஃபார்ம் நிரப்ப வேண்டும், மூன்று மாதம் வீட்டில் சுகர் பார்த்த கணக்கைக் காட்ட வேண்டும். கட்டுக்குள் இருந்தால் ஒரு வருடத்துக்கு அனுமதி. அந்த டிரைவருக்கு நோயைச் சொன்னால் வேலை உண்டு. என் மாமாவுக்கு மறைத்தால்தான் வேலை. அங்கே போய் எல்லாவற்றையும் காப்பியடிக்கச் சொல்லவில்லை. இந்த ஒன்றை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம்.

நம்மிடம் இல்லாதது ஒன்றும் இல்லை. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில். வீட்டுக்கே வந்து சுகர், பிரஷர் மாத்திரை கொடுக்கிறார்கள், அருமையான திட்டம். எங்கள் வீட்டிலும் வருகிறார்கள். மாமா இருப்பதில்லை, அத்தை வாங்கி டப்பாவில் போட்டு வைக்கிறார். அதே மாத்திரையும் அதே பரிசோதனையும் லாரிகள் வரிசையாக நிற்கிற டோல்கேட்டிலும் லாரி பேட்டையிலும் கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! அமைப்புசாரா ஓட்டுநர்களுக்குத் தமிழ்நாட்டில் ஒரு நல வாரியம் இருக்கிறது. சுகர் கட்டுக்குள் வரும்வரை ஓட்டாதே என்று டாக்டர் சொன்னால், அந்த இரண்டு மூன்று மாதத்துக்கு வாரியம் ஒரு தொகை கொடுக்கட்டும். அப்படி ஒன்று இருந்திருந்தால் அன்றைக்கு மாமா கிளினிக்கில் என்னை அந்தப் பார்வை பார்த்திருக்க மாட்டார். ஃபார்ம் 1ஏ-யில் சுகரையும் பிரஷரையும் சேருங்கள், ஆனால் இந்தப் பணத்தையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். பணம் இல்லாமல் கேள்வியை மட்டும் சேர்த்தால் இன்னொரு பொய்தான் அதிகமாகும்.

மாமாவுக்கு இப்போது மாத்திரையை மாற்றியாகிவிட்டது, சுகர் அவ்வளவாக இறங்காத ரகம். ஒரு குளுக்கோமீட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். ஸ்டியரிங் பக்கத்தில் வைத்திருக்கிறார். தினமும் காலையில் நம்பரை வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். இன்று காலை 142.

என் நட்பு வட்டத்தில் டாக்டர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்களிடம் ஒரு வேண்டுகோள். ஃபார்ம் 1ஏ-யோடு ஒரு டிரைவர் வந்து நின்றால், ஃபார்மில் கேட்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு ஸ்ட்ரிப் செலவு செய்து விரலில் குத்திப் பாருங்கள். சுகர் இருந்தால் திருப்பி அனுப்பிவிடாதீர்கள். லைனில் எந்நேரம் சாப்பிடுவீர்கள் என்று கேட்டு, அதற்குத் தோதான மாத்திரையை எழுதிக் கொடுங்கள்.