எங்கள் பிள்ளைகள் யாரும் வெற்றிலை வரையவில்லை

போன மே 31, புகையிலை எதிர்ப்பு தினத்துக்கு எங்கள் பாடசாலையில் ஓவியப் போட்டி வைத்தோம். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், தேயிலை மலைகளுக்கு நடுவில் இருக்கும் சின்னப் பாடசாலை. முப்பது சொச்சம் படங்கள் வந்தன. எல்லாவற்றிலும் சிகரெட். சிகரெட் பிடிக்கும் எலும்புக்கூடு, கறுத்துப்போன நுரையீரல், மேலே சிவப்பில் பெரிய பெருக்கல் குறி. ஏழாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தியிடம், "உங்க வீட்டுல யாராச்சும் புகையிலை பாவிக்கிறாங்களாம்மா?" என்று கேட்டேன். "இல்ல டீச்சர், அப்பா சிகரெட் குடிக்க மாட்டாரு" என்றாள்.

அவளுடைய அம்மாவை எனக்குத் தெரியும். காலையில் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதியும் இடத்துக்கு, போகும்போதே வாய் சிவந்திருக்கும். இடுப்புப் பையில் வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, காகிதத்தில் மடித்த போயிலை (புகையிலை)த் துண்டு. பிள்ளை பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அம்மா மெல்லுவது அவளுக்கு வெற்றிலை, அவ்வளவுதான். நாங்கள்தான் அவளுக்கு வேறு எதையும் சொல்லிக் கொடுக்கவில்லையே.

உலக நாடுகள் சேர்ந்து செய்த வேலையை நான் குறைத்து எடைபோடவில்லை. புகையிலைக் கட்டுப்பாடு பற்றிய உலக சுகாதார ஸ்தாபனத்தின் சமவாயம், அதாவது நாடுகளுக்கிடையிலான உடன்படிக்கை, 2003 மே மாதம் நிறைவேறியது. அந்த வருடமே நவம்பரில் இலங்கை அதை ஏற்று உறுதி செய்தது. இன்று 180க்கும் மேற்பட்ட தரப்புகள் அதில் இருக்கின்றன. நமது 2006ஆம் ஆண்டுச் சட்டம், 21 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு விற்கக்கூடாது என்ற விதி, 2015இல் பெட்டியின் 80 வீதத்தை மூடிய எச்சரிக்கைப் படம், எல்லாமே அந்தப் பாதையில் வந்தவை. வாசிக்கத் தெரியாத ஆளும் அந்தப் படத்தைப் பார்த்தால் விஷயத்தைப் புரிந்துகொள்வார்.

நாடுகள் சேர்ந்து நிற்பது ஏன் முக்கியம் என்பதற்கு உருகுவேயைச் சொல்லலாம். முப்பத்தைந்து இலட்சம் பேர்கூட இல்லாத நாடு. அதுவும் பெட்டியில் 80 வீதத்துக்கு எச்சரிக்கை போட்டது. பிலிப் மொரிஸ் என்ற சிகரெட் கம்பனி அந்த நாட்டைச் சர்வதேச நடுவர் மன்றத்துக்கு இழுத்தது. உலக சுகாதார ஸ்தாபனமும் சமவாயச் செயலகமும் அந்த வழக்கில் எழுத்து மூலம் கருத்துச் சமர்ப்பித்தன. 2016 ஜூலையில் உருகுவே வென்றது. அடுத்த தடவை இன்னொரு சின்ன நாட்டை மிரட்டுவதற்கு முன் கம்பனிகள் யோசிக்கத்தானே வேண்டும்?

ஆனால் இந்தப் பலமெல்லாம் சிகரெட் பெட்டிவரை வந்து, எங்கள் மலைக்கு ஏறாமல் நின்றுவிட்டது. மெல்லும் புகையிலையும் சமவாயத்துக்குள் அடங்கும். இலங்கையும் 2016இல் புகையில்லாப் புகையிலைப் பொருட்களின் விற்பனையைத் தடை செய்தது. ஆனாலும் அந்தப் பிள்ளையின் அம்மாவுக்குக் காகிதப் பொட்டலத்தில் போயிலை கிடைக்கிறது. அந்தப் பொட்டலத்தில் ஒரு எச்சரிக்கைப் படமும் கிடையாது. பாக்கின் கதை இன்னும் மோசம். சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல், போயிலை சேர்க்காத வெற்றிலைக் கூட்டும் பாக்கும்கூடப் புற்றுநோயை உண்டாக்கும் என்று முடிவு சொன்னது. சமவாயமோ புகையிலையைப் பற்றியது. பாக்கு அதற்கு வெளியே நிற்கிறது. இலங்கை ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். அப்படிப்பட்ட நாட்டில் இது சின்ன ஓட்டை இல்லை.

என் அப்பாயி, அப்பாவின் அம்மா, நாற்பது வருடம் தேயிலைக் கொழுந்து எடுத்தவர். "வாயில ஏதாச்சும் கெடந்தாத்தான் நெரை போகுது" என்பார். நெரை என்றால் தேயிலைச் செடி வரிசை. மழையில், குளிரில், அரை வயிற்றோடு மலையில் நிற்பவருக்கு அந்த ஒரு வாய் வெற்றிலைதான் பசியை அடக்கியது. கடைசி வருடங்களில் அவரால் வாயை முழுதாகத் திறக்க முடியவில்லை. சோற்றைப் பிசைந்து விரல் நுனியால் தள்ளுவார். காரம் பட்டால் கண்ணில் தண்ணீர் வரும். வயசாயிருச்சு என்று நாங்கள் இருந்துவிட்டோம். பாக்கினால் வாயின் உட்சதை இறுகிப்போவதற்கு ஒரு பெயர் இருக்கிறது, அது புற்றுநோய்க்கு முந்திய நிலை என்பதெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொண்டது அவர் போன பிறகு.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். கேரளத்தில், திருவனந்தபுரம் மாவட்டத்தில், பயிற்சி பெற்ற சுகாதார ஊழியர்கள் வீடு வீடாகப் போய் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார்கள். 2005இல் வெளியான முடிவின்படி, புகையிலையோ மதுவோ பாவிப்பவர்களிடையே வாய்ப் புற்றுநோய் மரணம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. அதற்கு இருபது வருடம் முன்பே, 1984இல், இலங்கையின் ஆரம்ப சுகாதார ஊழியர்களைக் கொண்டு இதே வேலையைச் செய்யலாம் என்று காட்டிய ஆய்வு உலக சுகாதார ஸ்தாபனத்தின் சஞ்சிகையில் வந்திருக்கிறது. நம் நாட்டில் செய்து பார்த்த வேலைக்கு இன்னும் எதற்குக் காத்திருக்கிறோம்?

தென்னாசிய நாடுகள் சமவாயக் கூட்டங்களுக்குப் போகும்போது மெல்லும் புகையிலையையும் பாக்கையும் முதல் பேச்சாக எடுக்க வேண்டும். உலகத்தில் மெல்லுபவர்களில் பெரும்பாலானோர் இந்தப் பகுதியில்தான் இருக்கிறார்கள், நாம் பேசாமல் வேறு யார் பேசுவது? கேரளத்துப் பயிற்சி இங்கே வரட்டும். லயத்துக்கு, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளுக்கு, வரும் மிட்வைஃப் மிஸ்ஸின் பையில் ஒரு டோர்ச் இருக்கட்டும். மலைக்குப் போகும் பெண்ணுக்குப் பத்து மணிக்கு ஒழுங்கான சாப்பாடு கிடைக்கட்டும். பசியை அப்படியே விட்டுவிட்டு வெற்றிலையை மட்டும் பிடுங்கினால் யாரும் கேட்கமாட்டார்கள். அப்பாயியும் கேட்டிருக்கமாட்டார்.

அப்புறம், கொழும்பிலும் வெளிநாட்டிலும் வேலை செய்யும் எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்று. இந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வீடியோ கோல் எடுக்கும்போது அம்மாவை வாய் திறக்கச் சொல்லுங்கள். மூன்று விரலை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து உள்ளே விடமுடிகிறதா என்று கேளுங்கள். வெள்ளையாகவோ சிவப்பாகவோ திட்டு இருந்தாலும், இரண்டு வாரமாக ஆறாத புண் இருந்தாலும், பக்கத்து அரசாங்க ஆஸ்பத்திரியின் பல் கிளினிக்குக்கு அடுத்த நாளே அனுப்புங்கள். ஒரு நாள் பேரு, அதாவது ஒரு நாள் வேலைப் பதிவு, போனாலும் பரவாயில்லை, அந்தச் சம்பளத்தை நீங்கள் அனுப்பிவிடுங்கள்.