பதிவேட்டில் ஏறாத குத்துக்காயங்கள்

சத்திரசிகிச்சைக்கூடத்தில் எண்ணாமல் விடப்படும் பொருள் அநேகமாக எதுவும் இல்லை. வயிற்றைத் திறக்கும் முன்பு துணிகளையும் ஊசிகளையும் கருவிகளையும் எண்ணிப் பலகையில் எழுதுகிறோம். மூடும் முன்பு மறுபடியும் எண்ணுகிறோம். ஓர் ஊசி குறைந்தால் நிபுணர் கையை நிறுத்திவிட்டுக் காத்திருப்பார். குப்பைப் பையைக் கொட்டியாவது தேடுவோம். ஆனால் அந்த ஊசிகளில் ஏதாவது வேலை செய்பவர் ஒருவரின் விரலில் ஏறியதா என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை, எழுதுவதுமில்லை. இலங்கையின் வடக்கேயுள்ள வன்னியின் அரச வைத்தியசாலைகளில் நீண்டகாலம் தியேட்டர் (சத்திரசிகிச்சைக்கூடத்) தாதியாக இருந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன். எந்த ஒரு வைத்தியசாலையையும் குற்றம் சாட்டுவது என் நோக்கமல்ல. நான் சொல்லப்போகும் நிலைமை ஒரு வைத்தியசாலைக்கு மட்டும் உரியதும் அல்ல.

நோயாளியின் குருதி பட்ட ஊசி குத்தினால் என்ன நடக்கும் என்பது மருத்துவ உலகுக்குப் புதிதல்ல. தடுப்பூசி போடாத ஒருவருக்கு ஈரலழற்சி (ஹெப்படைட்டிஸ்) பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகலாம், ஈரலழற்சி சி என்றால் ஏறத்தாழ 2 சதவீதம், எச்.ஐ.வி. என்றால் 0.3 சதவீதம். இலங்கையில் இந்த நோய்கள் பரவியுள்ள அளவு குறைவு என்பது உண்மை, அது நமக்கு ஒரு பெரிய பேறும்கூட. ஆனால் நம்முடைய அலட்சியத்துக்கும் அதுவே காரணம் என்று நினைக்கிறேன். ஈரலழற்சி பி வைரசு உடலுக்கு வெளியே, காய்ந்த குருதியில், குறைந்தது 7 நாட்கள் உயிர்ப்போடு இருக்கக்கூடியது என்பதையும், எச்.ஐ.வி.க்கு எதிரான தடுப்பு மருந்தை 72 மணித்தியாலத்துக்குள், முடிந்தால் முதல் சில மணித்தியாலங்களுக்குள்ளேயே தொடங்கி 28 நாட்கள் எடுக்க வேண்டும் என்பதையும் தியேட்டரில் வேலை செய்யும் எல்லோரும் அறிந்திருக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

எல்லோரும் என்று நான் சொல்லும்போது சிற்றூழியர்களைத்தான் முதலில் நினைக்கிறேன். தடுப்பூசி பற்றிய பேச்சு வைத்தியர்களிடமும் தாதியரிடமும் நின்றுவிடுகிறது. சத்திரசிகிச்சை முடிந்து எல்லோரும் கையுறையைக் கழற்றிய பிறகு, குருதியில் நனைந்த துணிகளைச் சுருட்டி எடுப்பவரும், கருவிகளைக் கழுவுபவரும், தரையைத் துடைப்பவரும், பையைக் கட்டித் தூக்கிக்கொண்டு போபவரும் அவர்களே. துணிக்குள் யாரோ மறந்துவிட்ட தையல் ஊசி அவர்களுடைய கையில்தான் ஏறுகிறது. அது எந்த நோயாளியின் குருதி என்றுகூடச் சொல்ல முடியாத நிலையில் ஏறுகிறது என்பதுதான் கொடுமை. ஒருமுறை ஓர் அக்காவின் விரலில் குருதியைக் கண்டு, பொறுப்புத் தாதியிடம் போய்ச் சொல்லுங்கள் என்றேன். “சொன்னா என்னைத்தானே மிஸ் பேசுவினம், கவனமில்லாமல் வேலை செய்தது எண்டு” என்று சொல்லிவிட்டு விரலைக் குழாயடியில் பிடித்தார். நாட்சம்பளத்துக்கோ தற்காலிக நியமனத்திலோ வேலை செய்பவர் வாய் திறக்கமாட்டார் என்பதில் வியப்பு என்ன இருக்கிறது?

ஈரலழற்சி பி தடுப்பூசி மூன்று தடவை போடப்பட வேண்டும்: முதலாவது நாளில், ஒரு மாதத்தில், ஆறு மாதத்தில். அதோடு கதை முடிவதில்லை. வளர்ந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு அந்த மூன்றும் பலன் தருவதில்லை. ஆகையால் கடைசி ஊசிக்கு ஓரிரு மாதங்களின் பின்னர் குருதியைச் சோதித்து, எதிர்ப்புச் சக்தி உண்டாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அந்தச் சோதனை முடிவு தங்கள் கோப்பில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர்களை நான் மிக அரிதாகவே சந்தித்திருக்கிறேன்.

குத்துப்படாமல் தடுக்கும் வழிகள் விலையுயர்ந்தவை அல்ல. கத்தியையும் ஊசியையும் கைக்குக் கை கொடுக்காமல், நடுவில் ஒரு கிட்னி டிஷ்ஷை (சிறுநீரக வடிவத் தட்டை) வைத்து அதில் வைத்து எடுப்பது ஒரு வழி. அதற்கு ஒரு சதமும் செலவில்லை, பழக்கம் மட்டும் மாற வேண்டும். தசையுறையைத் தைக்கும்போது முனை மழுங்கிய ஊசிகளைப் பயன்படுத்தினால் கையுறை துளைபடுவது ஏறத்தாழப் பாதியாகக் குறைகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்து 2011 இல் வெளியான கொக்ரேன் மீளாய்வு காட்டியது. இரண்டு கையுறை அணிவது இன்னொன்று. 2022 இல் பொருளாதார நெருக்கடியால் மருந்துக்கும் கையுறைக்கும் தட்டுப்பாடு வந்து, நாட்டின் பெரிய வைத்தியசாலைகளே சத்திரசிகிச்சைகளை ஒத்திவைத்த நாட்களில் இரண்டு கையுறை கேட்பது ஆடம்பரமாகத் தெரிந்தது. அந்த நெருக்கடிக் காலத்துச் சிக்கனம் பல இடங்களில் வழக்கமாகவே நிலைத்துவிட்டது என்பது என் கணிப்பு.

ஊசி குத்தினால் குருதியாவது தெரியும். மின்சாரத்தால் தசையை வெட்டவும் குருதிக்கசிவை நிறுத்தவும் பயன்படும் டயதெர்மி கருவியின் புகை அப்படியும் தெரிவதில்லை. தசை கருகும் அந்த மணம் தியேட்டருக்குப் புதிதாக வந்தவருக்குக் குமட்டும்; சில வாரங்களில் மூக்குக்குப் பழகிவிடும். அந்தப் புகையில் பென்சீன், போமல்டிகைட்டு, ஐதரசன் சயனைட்டு போன்றவை இருக்கின்றன. மருக்களை எரிக்கும்போது எழும் புகையில் பப்பிலோமா வைரசின் மரபணுப் பொருளும் கண்டறியப்பட்டிருக்கிறது. அதன் துகள்களில் பெரும்பாலானவை ஒரு மைக்குரோனிலும் சிறியவை என்பதால் நாம் அணியும் சாதாரண முகக்கவசம் அவற்றைத் தடுப்பதில்லை. அந்தக் கவசம் நம்முடைய எச்சில் நோயாளியின் காயத்தில் படாமல் காக்கவே உண்டானது. அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2018 இல் புகை உறிஞ்சும் கருவியைச் சட்டத்தாலேயே கட்டாயமாக்கியது. நாம் அவ்வளவு தூரம் போக வேண்டாம். உறிஞ்சு குழாயின் முனையைப் புகை எழும் இடத்துக்கு 5 சென்ரிமீற்றருக்குள் பிடிக்க ஒருவரைப் பழக்கி, அந்தக் குழாயில் ஒரு வடிகட்டியையும் பொருத்தினால் சிறிய சத்திரசிகிச்சைகளில் புகையின் பெரும்பகுதி அகன்றுவிடும்.

இதில் காற்றோட்டத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சத்திரசிகிச்சைக்கூடத்தின் காற்று மணிக்கு 15 முதல் 20 தடவை மாற வேண்டும் என்பது பொதுவான அளவு. சுவரில் பொருத்திய வீட்டு ஏசி, அறையிலுள்ள அதே காற்றைக் குளிராக்கித் திருப்பித் தருகிறதே தவிர வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. குழந்தைகளுக்கு முகமூடி மூலம் மயக்கம் கொடுக்கும்போது கசியும் வாயுவும், டயதெர்மி புகையும் அந்தக் குளிரோடு சேர்ந்து நாள் முழுவதும் நம்மைச் சுற்றிக்கொண்டிருக்கும். பிற்பகலில் தலையிடிக்கிறது என்று சொல்பவர்களுக்கு வெயில் என்றும், சாப்பிடவில்லை என்றும் காரணம் சொல்லப்படும். வன்னி வெயிலுக்கு அப்படியொரு வசதி உண்டு, எந்தப் பழியையும் அதன் தலையில் போடலாம்.

எலும்பு முறிவுச் சத்திரசிகிச்சையில் பயன்படும் சீ-ஆர்ம் கதிர்ப்படக் கருவியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் இதற்காவது ஒரு சட்டம் இருக்கிறது: 2014 ஆம் ஆண்டின் 40 ஆம் இலக்க இலங்கை அணுசக்திச் சட்டம். ஆனாலும் காலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர் பெரும்பாலும் ஈய மேலங்கி எல்லோருக்கும் போன பிறகு மிச்சமாக நிற்கும் சிற்றூழியர்தான். மேலங்கியை மடித்து வைத்தால் உள்ளே ஈயத்தாளில் விரிசல் விழுந்துவிடும், தொங்கவிட வேண்டும் என்பதையும் பல இடங்களில் யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

இவற்றைப் பேசும்போது வன்னியில் தவறாமல் கிடைக்கும் பதில் ஒன்றுண்டு: “சண்டைக்காலத்தில எதை வைச்சுக்கொண்டு செய்தனாங்கள்?” அந்தப் பதிலைச் சொல்பவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. 2009 இன் தொடக்க மாதங்களில், போரின் இறுதிக் கட்டத்தில், புதுமாத்தளனில் பள்ளிக்கூடக் கட்டடத்தில் இயங்கிய வைத்தியசாலையில் வேலை செய்தவர்கள் தங்கள் உயிரையே கணக்கில் எடுக்கவில்லை, கையுறையையா எண்ணியிருப்பார்கள்? ஆனால் அது வேறு வழியில்லாமல் நடந்தது. வேறு வழி இருக்கும் இன்றும் அதையே அளவுகோலாக வைத்தால், அந்த மனிதர்களின் தியாகம் இன்றைய நிர்வாகத்தின் சோம்பலுக்குச் சாட்டாகிவிடும்.

வன்னிக்கென்று இன்னொரு கணக்கும் இருக்கிறது. கொழும்பில் ஒரு தியேட்டர் தாதி நோயில் விழுந்தால் பணிப் பட்டியலில் அடுத்த பெயர் இருக்கும். இங்கே அனுபவமுள்ள ஒருவர் விடுப்பில் போனால் அந்த வாரத்துச் சத்திரசிகிச்சைகளே ஒத்திவைக்கப்படலாம். 2022 க்குப் பின்னர் வெளிநாடு சென்ற வைத்தியர்கள், தாதியரின் இடங்கள் இங்கே நிரம்புவதற்கு எடுக்கும் காலம் எல்லோருக்கும் தெரியும். கிளிநொச்சியில் சத்திரசிகிச்சை நின்றால் நோயாளி ஏ9 வீதியில் 60 கிலோமீற்றருக்கு மேல் கடந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முல்லைத்தீவு என்றால் இன்னும் தூரம். ஆகவே வேலை செய்பவரின் பாதுகாப்பை நோயாளியின் பாதுகாப்பிலிருந்து பிரித்துப் பார்க்கும் வசதி நமக்கு இல்லை.

கையுறையின் வரலாறே இதற்கு ஒரு சான்று. 1889 ஐ ஒட்டிய காலத்தில் பால்டிமோரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் கரோலின் ஹாம்டன் என்ற தாதியின் கைத்தோல், கிருமி நீக்கப் பயன்படுத்திய பாதரசக் கரைசலால் புண்ணாகியது. சத்திரசிகிச்சை நிபுணர் வில்லியம் ஹால்ஸ்டெட் குட்இயர் நிறுவனத்திடம் சொல்லி அவருக்கென மெல்லிய இறப்பர்க் கையுறை செய்வித்தார். (பின்னர் அவரையே மணந்தும் கொண்டார்.) நோயாளிக்குத் தொற்று குறைகிறது என்பது பிறகுதான் தெரியவந்தது.

என் கோரிக்கை சிறியது. உலக சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலில் 19 அம்சங்கள் உள்ளன. எல்லாம் நோயாளியின் பாதுகாப்புக்கானவை. உள்ளூர்த் தேவைக்கு ஏற்பச் சேர்க்கவும் மாற்றவும் செய்யலாம் என்று அந்தத் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. நோயாளியை வெளியே எடுக்கும் முன்பு கருவிகளும் ஊசிகளும் சரியா என்று கேட்கும் இடத்தில், இன்று யாருக்காவது குத்துப்பட்டதா, கண்ணில் குருதி தெறித்ததா என்ற இருபதாவது கேள்வியைச் சேர்ப்போம். அந்தக் கேள்வி நேரத்தில் சிற்றூழியரும் அறைக்குள் நிற்கட்டும். துணி சுருட்டியபின் குத்துப்பட்டால் எழுத அதே தாளில் ஒரு வரியும் இருக்கட்டும். ஆம் என்று பதில் வந்தால் நோயாளியின் குருதியை உடனே எடுக்க முடியும், ஏனெனில் அவர் இன்னும் மேசையில் இருக்கிறார். தடுப்பு மருந்தின் முதல் வேளை இரவு இரண்டு மணிக்கும் எட்டக்கூடிய இடத்தில், பொறுப்புத் தாதியின் கையில் சாவியோடு இருக்க வேண்டும். காலை எட்டு மணிக்குத் திறக்கும் களஞ்சியத்தில் அல்ல.

பிராந்திய சுகாதார சேவைகள் பணிமனைகளில் இருப்பவர்கள் இதை வாசித்தால் ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். கேள்வியைச் சேர்த்த முதல் மாதங்களில் எண்ணிக்கை கூடும். இதுவரை மறைந்திருந்தவை எழுதப்படுவதால் கூடும். அதைக் கண்டு சம்பந்தப்பட்டவரிடம் விளக்கம் கோரி ஒரே ஒரு கடிதம் போனால் போதும், அடுத்த மாதம் அந்த வரியில் பூச்சியம் என்றுதான் வரும்.