புத்தகம் படிக்காதவர் வாய் திறக்கக் கூடாதா?

சனிக்கிழமை படத் திரையிடலுக்குப் பிறகு நடந்த கலந்துரையாடலில், நாவலைப் படிக்காமல் பேசியதற்காக என் அம்மாவைப் பார்த்து அரங்கம் சிரித்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். வந்திருந்தவர்களுக்குத் தெரியும், வராதவர்களுக்கு இதற்குள் கண், காது, மூக்கு வைத்துச் சேதி போயிருக்கும். ஆனால் நேற்று இரவு அந்த வாட்ஸாப் குழுவில் ஒருவர், "நாவலைக் கையால்கூடத் தொடாதவர்கள் விமர்சகர் ஆகிவிட்ட காலம் இது" என்று போட்டார். அதற்குக் கீழே வரிசையாகச் சிரிப்பு முகங்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் எங்கள் வீட்டுத் தீபாவளிக்கு வந்து சாப்பிட்டுப் போனவர்கள். அதனால் எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தப் பதிவு முடிவதற்குள் இன்னும் பல தடவை சொல்வேன்: படத்தைப் பார்த்தவர் படத்தைப் பற்றிப் பேசலாம். அதற்கு நாவலைப் படித்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. அரங்கத்து வாசலில் அப்படி ஒரு பலகையும் மாட்டியிருக்கவில்லை.

படம் 2005-இல் ஜோ ரைட் இயக்கிய 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்'. ஜேன் ஆஸ்டினின் நாவல் 1813-இல் வந்தது. எங்கள் வீட்டில் இந்தப் படத்தைப் பிரெஞ்சு டப்பிங்கில் எத்தனையோ தரம் பார்த்தாயிற்று. அம்மாவுக்குக் காட்சி காட்சியாக மனப்பாடம். கதையில் வரும், ஐந்து பெண்கள் உள்ள பென்னெட் குடும்பத்தின் வீட்டுக்குள் பன்றி நடந்து போகும் இடம் வரும்போதெல்லாம், "இத்தனை பெண்கள் இருந்தும் அந்தக் கதவைச் சாத்த ஒருத்திக்குத் தோன்றவில்லையா" என்பார். ஒருமுறைகூட அவர் அதைத் தவறவிட்டதில்லை.

சனிக்கிழமை படம் முடிந்து கலந்துரையாடல் தொடங்கியது. திருமதி பென்னெட்டைப் பற்றி எல்லோரும் சிரித்துச் சிரித்துப் பேசினார்கள். மகள்களைத் தள்ளிவிட அலைகிற அம்மா, வாயாடி, மூளை கம்மி, இப்படி. அப்போதுதான் அம்மா மைக் கேட்டு வாங்கி, இங்கே மொரிஷியஸில் நாங்கள் வீட்டில் பேசும் கிரியோல் மொழியில் சொன்னார்: "எல்லோரும் அந்த அம்மாவைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள். அந்த வீட்டில் வேலை செய்கிறவள் அவள் ஒருத்திதான். புருஷன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு கதவைச் சாத்திக்கொள்கிறார். நாளைக்கு அவர் கண்ணை மூடினால் வீடு அந்த உறவுக்காரப் பாதிரியாருக்குப் போய்விடும். ஐந்து பெண்களும் எங்கே போவார்கள்? அந்தக் கணக்கைப் போடுகிறவள் அவள்தான்."

இவ்வளவுதான் சொன்னார். பேச்சாளர் ஐயா தலையைச் சற்றுச் சாய்த்து, புன்னகையோடு கேட்டார்: "மேடம் நாவலைப் படித்திருக்கிறீர்களா?" அம்மா இல்லை என்றார். "அதுதான் பார்த்தேன்," என்றார் ஐயா. அரங்கம் சிரித்தது. அம்மாவுக்கு மைக்கை எங்கே அணைப்பது என்று தெரியவில்லை. கொஞ்ச நேரம் தடவிப் பார்த்துவிட்டு, அப்படியே முன்வரிசைப் பையனிடம் நீட்டிவிட்டு உட்கார்ந்தார்.

சரி, நாவலுக்கே போவோம். நான் படித்திருக்கிறேன், ஒரு தரம் அல்ல. ஐயா எந்தப் பதிப்பைப் படித்தாரோ தெரியாது, என் பதிப்பில் ஐம்பதாவது அத்தியாயம் இருக்கிறது. அங்கே ஆஸ்டின் என்ன சொல்கிறார்? திரு. பென்னெட் வருமானம் முழுவதையும் செலவழித்தே வந்தார். எப்படியும் ஓர் ஆண் பிள்ளை பிறக்கும், அவன் பெரியவனானால் சொத்து ஆண் வாரிசுக்குத்தான் போக வேண்டும் என்ற கட்டுப்பாட்டை அவனோடு சேர்ந்து உடைத்துவிடலாம் என்று நம்பிச் சேமிக்காமலே இருந்தார். ஐந்தும் பெண்ணாகப் பிறந்தன. இப்போது சேமிக்கக் காலம் கடந்துவிட்டது. வருடத்துக்கு 2,000 பவுண்டு வருகிற மனிதர்! கடைசி மகள் லிடியா ஓடிப்போன பிறகு அவருக்கே அது முன்னைவிட அதிகமாக உறைக்கிறது. அம்மா கிரியோலில் நாலு வரியில் சொன்னதும் இதுதானே? புத்தகம் படிக்காத அம்மா ஆஸ்டின் வைத்த இடத்துக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தார். புத்தகம் படித்த அரங்கம் சிரித்துக்கொண்டிருந்தது.

"அதனால்தான் புத்தகம் முக்கியம்" என்று இதையே என் பக்கம் திருப்பிப் போடுவீர்கள், தெரியும். இல்லை. அம்மாவுக்கு அந்த அத்தியாயம் தேவைப்படவில்லை. திருமதி பென்னெட்டாக நடித்த பிரெண்டா பிளெத்தினின் முகமே போதுமாக இருந்தது. பணக்கார இளைஞன் பிங்லியின் வீட்டிலிருந்து அழைப்பு வந்ததும், மழை வரப்போவது தெரிந்தே, இரவு அங்கேயே தங்கட்டும் என்று மூத்த மகள் ஜேனைக் குதிரையில் அனுப்புகிறாளே, அந்தக் காட்சியில் மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும். அம்மாவுக்கு அவருடைய அம்மா ஞாபகம் வந்தது.

என் பாட்டிக்கு நான்கு பெண்கள். தாத்தா கரும்பு வெட்டிவிட்டு வந்து குளித்துவிட்டு டொமினோ ஆடப் போய்விடுவார். எந்த வீட்டில் பையன் இருக்கிறான், யார் அரசாங்க வேலையில் இருக்கிறான், யார் குடிப்பவன் என்ற விசாரணை எல்லாம் பாட்டிதான். ஊரில் அவருக்கு நல்ல பெயர் கிடையாது. கோவிலுக்கு வந்தால் சாமியைப் பார்க்காமல் மாப்பிள்ளை பார்க்கிறாள் என்பார்கள். அம்மா மூத்தவர். ஆறாம் வகுப்போடு நிறுத்திவிட்டார்கள். இந்த நாட்டில் இடைநிலைக் கல்வி இலவசமானது 1977-இல். அம்மா பள்ளியை விட்டது அதற்கு முன்பு. பணம் கட்டிப் படிக்க வைக்க வழி இல்லை, இருந்தாலும் பெண்ணுக்குக் கட்டியிருப்பார்களா என்பது வேறு கதை. அப்புறம் கல்யாணம், அப்புறம் ஆடைத் தொழிற்சாலை. நாள் முழுக்கச் சட்டைக் காலர் தைத்துவிட்டு ராத்திரி பஸ்ஸில் வருவார். அந்தச் சம்பளத்தில்தான் நான் ஆஸ்டின் படித்தேன்.

அதனால், "நாவலைப் படித்திருக்கிறீர்களா" என்று அவரிடம் கேட்கும்போது என்ன கேட்கிறோம் என்று கேட்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"அவர் சாதாரணமாக ஒரு கேள்விதானே கேட்டார், இதைப் போய்ப் பெரிதாக்குகிறாயே" என்று காலையில் ஒரு தோழி செய்தி அனுப்பியிருக்கிறார். சாதாரணக் கேள்வியா? அம்மாவுக்கு முன்னால் ஒரு தம்பி பேசினான். பிங்லியின் நெதர்ஃபீல்டு மாளிகையில் நடக்கும் நடன விருந்தில் கேமரா அறை அறையாக வெட்டாமல் போவதைப் பற்றி அருமையான ஆங்கிலத்தில் பேசினான். நன்றாகவே பேசினான், நானும் கைதட்டினேன். அவனிடம் நாவல் படித்தாயா என்று கேட்டார்களா? கூட்டம் முடிந்து வாசலில் நான் கேட்டேன். "இல்லை மிஸ், இனிமேல்தான்," என்றான். ஆங்கிலத்தில் பேசினால் படித்தவன் என்று எழுதிக்கொள்கிறார்கள். கிரியோலில் பேசினால் சான்றிதழ் கேட்கிறார்கள். விஷயம் இவ்வளவுதான், இதற்கு மேல் இதில் இலக்கியம் ஒன்றும் இல்லை.

இன்னொன்று, அந்தக் கை. கதாநாயகன் டார்சி, கதாநாயகி எலிசபெத்தை வண்டியில் ஏற்றிவிட்டுத் திரும்பி நடக்கும்போது அவன் கைவிரல்கள் விரிந்து மடங்கும். உலகமே இணையத்தில் கொண்டாடுகிற காட்சி. ஐயா அதை, "நாவலில் இல்லாத மலிவான சேர்க்கை," என்று ஒரே வரியில் ஒதுக்கிவிட்டார். நாவலில் இல்லைதான். நாவலில் என்ன இருக்கிறது? பன்னிரண்டாவது அத்தியாயத்தில், அவள் கிளம்புவதற்கு முந்தின நாள் டார்சி அவளிடம் பத்து வார்த்தைகூடப் பேசுவதில்லை. அரை மணி நேரம் இருவரும் தனியாக இருந்தும் புத்தகத்திலிருந்து கண்ணை எடுப்பதில்லை. தன் மனம் வெளியே தெரிந்துவிடக் கூடாது என்று பிடிவாதமாகப் படிக்கிறான். அதை எழுத்தில் ஆஸ்டின் கேலியாகச் சொல்லிவிட முடியும். திரையில் ஒருவன் அரை மணி நேரம் புத்தகம் படிப்பதைக் காட்டினால் நாம் எழுந்து போய்விடுவோம். அதனால் அடக்கிவைத்ததை ஒரு கையில் காட்டினார்கள். இதைப் புரிந்துகொள்ள நாவல் வேண்டுமா? எனக்கு நாவல் உதவியது. அம்மாவோ முதல் தடவை பார்த்தபோதே, "பாவம், தொட்ட கை சுடுகிறது அவனுக்கு," என்றார்.

படத்தில் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. லிடியாவோடு ஓடிப்போகிற விக்கம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. பிங்லியின் இன்னொரு சகோதரியையும் அவள் புருஷனையும் காணவே காணோம். அமெரிக்காவுக்கென்று கடைசியில் ஒட்டிய அந்த முத்தக் காட்சி எனக்கும் பிடிக்காது. நாவலை நேசிப்பவர்களுக்கு இதெல்லாம் வலிக்கும்தான். வலிக்கட்டும். அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரை ஏன் கடிக்க வேண்டும்? 1995-இல் பிபிசி ஆறு பகுதிகளாக எடுத்தபோது டார்சியைக் குளத்தில் குதிக்க வைத்தார்கள். அதுவும் நாவலில் இல்லாததுதான். அதை மட்டும் 'கிளாசிக்' என்கிறார்கள் இதே ஆட்கள்.

"தமிழர்களுக்கு எதற்கு வெள்ளைக்காரக் காதல் கதை?" என்று கேட்டிருக்கும் அண்ணனுக்கு: 'கண்டுகொண்டேன் கண்டுகொண்டேன்' பார்த்து உருகினீர்களே, அது ஆஸ்டினின் இன்னொரு நாவலிலிருந்து வந்தது. நாவலைப் படித்துவிட்டா உருகினீர்கள்?

இன்னும் பக்கத்தில் வருவோம். நம் தீவின் காதல் கதை 'பால் எ விர்ஜினி'. 1788-இல் பெர்னார்தென் தெ சேன்-பியேர் எழுதியது. கியூர்பிப்பில் பால் விர்ஜினியைத் தூக்கிக்கொண்டு நிற்கும் சிலைக்குப் பக்கத்தில் படம் எடுக்காத குடும்பம் இருக்கிறதா? மூலச் சிலை போர்ட் லூயிஸ் புளூ பென்னி அருங்காட்சியகத்தில் இருக்கிறது. எங்கள் வகுப்போடு போய்ப் பார்த்தோம். கப்பல் உடைந்து மூழ்கும்போது, ஆடையைக் களைந்துவிட்டு நீந்தி வர மாட்டேன் என்று விர்ஜினி செத்தாளே, அது சரியா தப்பா என்பதில் இந்தத் தீவில் எல்லோருக்கும் கருத்து உண்டு. தால் பூரிக் கடைக்காரருக்கு உண்டு, டாக்ஸி ஓட்டுகிறவருக்கு உண்டு. "மானம் பெரிதுதான், அதற்காக உயிரையா விடுவது" என்று என் பாட்டியே சொல்லியிருக்கிறார். இவர்களில் எத்தனை பேர் முழு நாவலைப் படித்தார்கள்? அவர்கள் வாயை எல்லாம் யார் அடைக்கப் போகிறார்கள்? அது நம் கதை என்றால் படிக்காமல் பேசலாம், இங்கிலாந்துக் கதை என்றால் மட்டும் அனுமதிச் சீட்டு வேண்டுமா?

"நீ ஒரு ஆசிரியை. படிக்கத் தேவையில்லை என்று நீயே சொல்லலாமா?" இதுதான் எனக்கு அதிகம் வலித்தது, ஏனென்றால் கேட்டவர் என்னோடு வேலை செய்கிறவர். நான் எங்கே அப்படிச் சொன்னேன்? படியுங்கள், நன்றாகப் படியுங்கள், என்னிடம் இருக்கும் பிரதியைத் தருகிறேன். படிக்காதவரை வாயை மூடச் சொல்லாதீர்கள் என்றுதான் சொல்கிறேன். இரண்டும் வேறு வேறு. என் வகுப்புக்கு வருகிற பிள்ளைகள் வீட்டில் பேசுவது கிரியோல். அவர்கள் முதல் நாளே 'வணக்கம்' சரியாகச் சொல்ல வேண்டும் என்று நான் நின்றால் இரண்டாம் நாள் யார் வருவார்கள்?

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சேர்ந்து வருகிறது. ஒரு கோவில் விழாவில் எங்கள் பகுதிப் பெண்கள் தேவாரம் பாடினார்கள். ரோமன் எழுத்தில் எழுதிவைத்துப் பாடுகிறவர்கள்; தமிழ் எழுத்து தெரியாது, ழகரம் வராது. வெளியூரிலிருந்து வந்திருந்த ஓர் அறிஞர் மேடையிலேயே, "எழுத்தைக் கற்றுக்கொண்டு பாடுங்கள், இல்லாவிட்டால் பாடாதீர்கள்," என்றார். அதே புன்னகை. அதற்குப் பிறகு அந்தக் குழுவில் பாதிப் பேர் வரவில்லை. அன்றைக்கு நான் தமிழ் டீச்சராக முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன், என்னைப் பார்த்து மட்டும் அவர் பாராட்டாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் எனக்கு இன்னமும் ஜீரணமாகவில்லை.

1998-இல் இங்கே வந்த புது ரூபாய் நோட்டில் தமிழ் வரி இந்திக்குக் கீழே போனபோது இந்தச் சமூகம் எப்படிக் கொதித்தது என்று பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற வைத்தோம். என் அப்பாவுக்கு அந்த வரியை வாசிக்கத் தெரியாது. ஆனாலும் கோபப்பட்டார், அவரை மாதிரி எத்தனையோ பேர் கோபப்பட்டார்கள். அப்போது யாராவது, "முதலில் வாசித்துக் காட்டு, அப்புறம் கோபப்படு," என்று கேட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கேட்கவில்லை, ஏனென்றால் அப்போது எங்களுக்குத் தலைகள் தேவைப்பட்டன. கூட்டம் சேர்க்க வேண்டும் என்றால் படிக்காதவர் வேண்டும், கருத்துச் சொல்ல வேண்டும் என்றால் படித்தவர் மட்டும். நல்ல நியாயம்.

"பெரியவரை இப்படிப் பொதுவில் எழுதலாமா" என்பவர்களுக்கு: அவர் பெயரை நான் எழுதவில்லை, எழுதவும் மாட்டேன். பொதுவில் வைத்துத்தானே அவர் கேட்டார்? என் அம்மாவும் பெரியவர்தான். ஐயாவைவிட வயதில் மூத்தவர் என்றே நினைக்கிறேன்.

அம்மா இதை எதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி என்னைச் சமாதானப்படுத்த ஆள் வரும். எடுத்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை அதே படம் திரும்பப் போட்டார்கள். பன்றி வருகிற இடத்தில் அம்மா ஒன்றும் சொல்லவில்லை. "என்னம்மா, கதவு?" என்று நானே எடுத்துக்கொடுத்தேன். "நமக்கு என்ன தெரியும்," என்றார்.

அடுத்த மாதம் வேறு படமாம். நாவலையும் படித்துவிட்டு வரச் சொல்லி அழைப்பிதழில் இப்போதே ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள், பெரிய எழுத்தில். அந்த வரியை எடுக்கும்வரை நான் வரப்போவதில்லை. நாற்காலி அடுக்க, தேநீர் ஊற்ற வேறு ஆள் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த வேலைக்கும் நாவல் படித்திருக்க வேண்டுமா என்று ஐயாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கீழே வந்து அத்தியாய எண்ணோடு சண்டை போடுகிறவர்கள் போடலாம், பதில் சொல்கிறேன். அம்மாவைப் பற்றி ஒரு சொல் எழுதினாலும் நீக்கிவிடுவேன், அது யாராக இருந்தாலும்.