ஸ்லக் (ஓடில்லாத நத்தை) தொல்லை தாங்கல
லண்டன்ல அலாட்மென்ட் (காய்கறி போட வாடகைக்குக் குடுக்கிற தோட்டத் துண்டு) எடுத்ததுல இருந்து மே மாசம்னாலே எனக்கு வயித்தெரிச்சல்தான், ஜன்னலோரம் ஒரு மாசம் பாத்துப் பாத்து வளர்த்த பீன்ஸ் நாத்தை சாயங்காலம் நட்டுட்டு வந்தா காலைல வெறும் தண்டுதான் நிக்குது, எல்லாம் இந்த ஸ்லக் பண்ற வேலை. ஸ்லக்கைக் கொல்லப் போடுற மெட்டால்டிஹைடு மருந்தை இங்க 2022லயே தடை பண்ணிட்டாங்க, அது நல்லதுதான், கோழி கொத்தினா செத்துடும். சரி கோழியவே விடுவோம் பொறுக்கித் தின்னட்டும்னு விட்டா அதுங்க பாத்தியையே கிளறிப் போட்டு லெட்டூஸ் குருத்தெல்லாம் தின்னுடுச்சு! வீட்ல மீனு கறி சமைக்கிறதால கிச்சன் காய்த்தோல்கூட அதுங்களுக்குப் போடக்கூடாதுன்னு இங்க சட்டம் வேற, தீவனம் முழுக்கக் காசுதான். இன்னைக்கும் ராத்திரி டார்ச் எடுத்துட்டுப் போய் ஒவ்வொண்ணா பொறுக்கணும், இடுப்பு ஒடியுது.