பியானோ கடிக்கும் வீடு

ஜப்பானில் 1977-இல் வெளிவந்த 'ஹவுஸ்' படத்தைப் பற்றிப் பேச்சு வந்தாலே, "கிறுக்குத்தனமான படம், கூட்டமா உட்கார்ந்து கலாய்க்க நல்லா இருக்கும்" என்று சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. சிரிக்க வைக்கும் படம்தான், நானும் விழுந்து விழுந்து சிரித்தேன். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் இயக்குநர் நொபுஹிகோ ஒபயாஷி என்ன வைத்திருக்கிறார் என்பதைக் கவனிக்காமல் விடுவது அந்த மனிதருக்குச் செய்யும் அநியாயம்.

கதை எளிது. ஏழு பள்ளி மாணவிகள் கோடை விடுமுறைக்கு, அவர்களில் ஒருத்தியின் பெரியம்மா வீட்டுக்குப் போகிறார்கள். அவரவர் குணமே அவரவர் பெயர். பியானோ வாசிப்பவள் மெலடி, எட்டி உதைப்பவள் குங்ஃபூ, எந்நேரமும் எதையாவது தின்றுகொண்டே இருப்பவள் மாக் ('ஸ்டமக்', அதாவது வயிறு என்பதன் சுருக்கம்). கிராமத்து மேட்டில் தனியாக ஒரு பெரிய வீடு, சக்கர நாற்காலியில் அந்தப் பெரியம்மா, அவர் மடியில் ஒரு வெள்ளைப் பூனை. அந்த வீடு பெண்களை ஒவ்வொருத்தியாகத் தின்கிறது. ஒரு பெண் குறையக் குறைய பெரியம்மாவுக்குத் தெம்பு வருகிறது, எழுந்து நடக்கிறார், ஆடவும் செய்கிறார்!

இந்த யோசனைகள் எங்கிருந்து வந்தன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். ஹாலிவுட் சுறாப் படம் 'ஜாஸ்' உலகம் முழுக்க ஓடிக்கொண்டிருந்த நேரம். காட்ஸில்லா எடுத்த டோஹோ நிறுவனம், அதுபோல ஒன்று வேண்டும் என்று, அப்போது விளம்பரப் படங்கள் எடுத்துக்கொண்டிருந்த ஒபயாஷியிடம் கேட்டது. அவர் போய்க் கேட்டது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த தன் மகள் சிகுமியிடம். பெரியவர்கள் தங்களுக்குப் புரிந்ததை வைத்தே யோசிப்பார்கள், குழந்தைகளுக்குத்தான் விளக்க முடியாதது தோன்றும் என்பது அவர் எண்ணம். கண்ணாடியில் தெரியும் தன் உருவமே தன்னைத் தாக்கினால்? பியானோ விரலைக் கடித்தால்? குளிர்வதற்காகக் கிணற்றில் இறக்கிய தர்பூசணி மனிதத் தலையாக மேலே வந்தால்? இதெல்லாம் அந்தச் சிறுமி சொன்னவை. படத்தின் மூலக்கதை அவர் பெயரிலேயே இருக்கிறது.

பியானோ காட்சியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காது. மெலடி வாசித்துக்கொண்டே இருக்கிறாள். முதலில் விரல்கள் போகின்றன. அவள் அலறாமல், ஏதோ வேடிக்கை நடப்பதுபோலப் பார்க்கிறாள். அப்புறம் பியானோ அவளையே இழுத்துக்கொள்கிறது, துண்டான விரல்கள் தனியாக வாசிக்கின்றன. படம் வெட்டி ஒட்டியது போல, நிறம் பிசகி, பட்டவர்த்தனமாகப் போலியாகத் தெரிகிறது. தந்திரக் காட்சிகள் ஒரு குழந்தை செய்ததுபோல இருக்கவேண்டும் என்றுதான் ஒபயாஷி விரும்பினார். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் விளம்பரத்துறையில் இருந்தவருக்குப் பளபளப்பாக எடுக்கத் தெரியாதா என்ன? ஆறு வயதில் இருட்டில் தொங்கும் சட்டை ஆளாகத் தெரிந்ததே, அந்தப் பயத்தில் தத்ரூபம் எங்கே இருந்தது? நுணுக்கமான கிராஃபிக்ஸ் பேய்கள் எனக்கு மறுநாளே மறந்துவிடுகின்றன. இந்தப் பியானோ மறக்கவில்லை.

இப்போது பெரியம்மாவுக்கு வருவோம். அவருக்கு நிச்சயித்த மாப்பிள்ளை போருக்குப் போனார், திரும்பவில்லை. வருவேன் என்ற வாக்கை நம்பிக் காத்திருந்தே பெரியம்மா செத்துப்போனார், செத்தும் காத்திருக்கிறார். கல்யாணமாகாத பெண்களைத் தின்றால்தான் அவரால் மணக்கோலம் பூண முடியும். அந்தப் பழைய கதையை ரயிலில் போகும்போது தோழிகளுக்குச் சொல்கிறாள் அவருடைய தங்கை மகள். அது பழங்கால ஊமைப் படம் போல ஓட, பெண்கள் கூடவே கலகலவென்று பேசுகிறார்கள். அணுகுண்டின் காளான் மேகம் திரையில் எழும்போது ஒருத்தி, பஞ்சுமிட்டாய் மாதிரி இருக்கிறது என்கிறாள்.

முதல்முறை பார்த்தபோது அந்த வசனம் என்னை உலுக்கிவிட்டது. ஒபயாஷி ஹிரோஷிமா மாகாணத்தின் ஒனோமிச்சியில் 1938-இல் பிறந்தவர். குண்டு விழுந்தபோது அவருக்கு ஏழு வயது. சின்ன வயதுத் தோழர்களை அதில் இழந்தவர். அந்தப் பெண்கள் மேல் அவருக்குக் கோபம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. போர் தெரியாமல் வளர்வது அவர்களுடைய பாக்கியம். ஆனால் போர் தின்றுவிட்ட வாழ்க்கைகளின் பசி அடங்கவில்லை, அது அடுத்த தலைமுறையின் வாசலில் வந்து நிற்கிறது. இதை ஒரு பேய் காமெடிக்குள் வைத்துச் சொன்ன துணிச்சலை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெரியம்மாவாக வரும் யோகோ மினமிடா அப்போது நாற்பதுகளில் இருந்தவர், தெரிந்த நடிகை. நரைத்த தலையோடு வந்து, சிரித்துக்கொண்டே, இந்தக் கனத்தை முழுக்கச் சுமக்கிறார்.

குறை இல்லாமல் இல்லை. பெண்களைத் தேடிவரும் வாத்தியாரின் காமெடி நீளம், அவர் வாழைப்பழமாகிப் போவது எனக்கு ஒட்டவே இல்லை. சில நிர்வாணக் காட்சிகளும் தேவையற்றவை.

டோஹோவின் சொந்த இயக்குநர்கள் யாரும் தொட விரும்பாததால் இரண்டு வருடம் கிடப்பில் கிடந்த கதை இது. அதற்குள் ஒபயாஷி இசைத்தட்டு, காமிக்ஸ், வானொலி நாடகம் என்று எல்லாவற்றையும் வெளியிட்டு, எடுக்காத படத்துக்கு ஆர்வம் கிளப்பிவிட்டார். கடைசியில் அவரையே இயக்கச் சொன்னார்கள். விமர்சகர்கள் திட்டினார்கள், இளைஞர்கள் ஓட வைத்தார்கள். அமெரிக்கத் திரையரங்குகளில் பரவலாக ஓட முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. 2020-இல் இறப்பதற்கு முன், புற்றுநோயோடு போராடிக்கொண்டே அவர் எடுத்த கடைசிப் படமும் போரைப் பற்றியதுதான்.

எண்பத்தெட்டு நிமிடம்தான். நல்ல சப்டைட்டிலோடு, இரவில், முடிந்தால் பெரிய திரையில் பாருங்கள். ரத்தமும் நிர்வாணமும் இருப்பதால் குழந்தைகளைப் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டாம். அந்த ரயில் காட்சியின்போது மட்டும் யாரையும் பேசவிடாதீர்கள்.