பாப்பாவைப் பார்க்க வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்

பிறந்த குழந்தையைப் பார்க்க வருகிற சொந்தங்களில் பாதிப் பேர், உள்ளே நுழைந்ததும் மூத்ததைப் பிடித்துக் கேட்பது இதைத்தான்: "இனிமே அம்மா தம்பிக்குத்தான். நீ எங்க வீட்டுக்கு வந்துடுறியா?" கேட்டுச் சிரித்துவிட்டு, காபி குடித்துவிட்டு அவர்கள் கிளம்பிவிடுவார்கள். அன்று ராத்திரி முழுக்க என் நைட்டியைப் பிடித்த கையை எடுக்காமல் தூங்குகிறவளை நான்தான் சமாளிக்க வேண்டும்.

இரண்டரை வயதுக்குக் கிண்டல் புரியாது. அதுவும் அவள் கண்ணெதிரே நடப்பது அந்தக் கிண்டலை நிஜமாக்கிக்கொண்டிருக்கும்போது! பச்சைக்குழந்தை 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை பால் குடிக்கும். ஏப்பம் எடுப்பது, துணி மாற்றுவது, தூளியில் போட்டு ஆட்டுவது எல்லாம் தனிக்கணக்கு. சாயங்காலமானால் எங்கள் சின்னவன் ஒரே அழுகை, மடியை விட்டு இறங்கவே மாட்டான். இந்த அழுகை பொதுவாக ஆறாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தணியும் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு யார் சொல்வது?

அதனால் பாத்ரூம் கதவைத் தட்டுகிறாள். எப்போதோ விட்ட பால் பாட்டிலைக் கேட்கிறாள். ஜட்டியை நனைக்கிறாள். ஒருநாள் தாய்ப்பாலும் கேட்டாள். சரி என்று கொடுத்தேன். ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்துவிட்டு, "தம்பியே குடிக்கட்டும்" என்று போய்விட்டாள். அதட்டியிருந்தால் அந்தப் பஞ்சாயத்து ஒரு வாரத்துக்கு ஓடியிருக்கும்.

வீட்டில் உதவாமல் இல்லை. ஆனால் உதவி என்றாலே எல்லோருக்கும் பெரியவளை அப்புறப்படுத்துவதுதான் தோன்றுகிறது. "வா, கடைக்குப் போகலாம்" என்பார்கள். இல்லையென்றால், "கொஞ்ச நாள் அப்பத்தா வீட்ல இருக்கட்டுமே." எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. வயிறு நிறைந்த பச்சைக்குழந்தைக்குக் கழுத்தைத் தாங்கிப் பிடிக்கிற ஒரு தோள் போதும். அது அப்பா தோளா, அம்மாச்சி தோளா என்று பெரும்பாலும் பார்க்காது. பெரியவளுக்கு ஆள் மாறினால் தெரியும். பால் கொடுத்து முடித்ததும் சின்னவனை வாங்கிக்கொண்டு வெளியே போங்கள். என்னை அவளிடம் விடுங்கள். கால் மணி நேரம் கிடைத்தால்கூடப் போதும்.

பெற்றவளே பிள்ளையை அடுத்தவர் கையில் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாளே என்ற பேச்சும் வந்தது. என் அம்மாச்சி மட்டும், "மூத்தது ஏங்கி இளைச்சுச் சவலை பாஞ்சிடும்டி, அதை முதல்ல மடியில போடு" என்றார். சிசேரியன் என்பதால் இடுப்பில் தூக்கக் கூடாது. கட்டிலில் உட்கார்ந்து, வயிற்றுக்கு முன்னால் ஒரு தலையணையை வைத்துக்கொண்டால் அவளே ஏறி வந்து ஒட்டிக்கொள்கிறாள்.

இன்னொன்றும் செய்து பார்த்தேன். "இரு, தம்பி அழுறான்" என்பதையே நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தவள் அவள். சாதம் ஊட்டும்போது தூளியைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "டேய், கொஞ்சம் இரு. அக்கா சாப்பிட்டு முடிக்கட்டும்." அவனுக்கு என்ன புரியும்? இவள்தான் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அடுத்த வாய்க்கு ஆவென்று திறந்தாள்.

இதெல்லாம் இன்னொரு ஜோடிக் கை இருந்தால்தான் நடக்கும். 2017-ல் வந்த சட்டத் திருத்தம் முதல் இரண்டு பிரசவங்களுக்கு அம்மாவுக்கு 26 வார விடுப்பு தந்தது. அப்பாவைப் பற்றி அதில் ஒரு வரி கிடையாது. மத்திய அரசு ஊழியர் என்றால் 15 நாள். தனியார் கம்பெனியில் முதலாளி மனசு வைத்தால் உண்டு. இரண்டாவது பிள்ளைக்குத்தான் அப்பா வீட்டில் அதிகம் தேவை என்று எந்த மேனேஜரிடம் போய்ச் சொல்ல?

சரி, இனி வரப்போகிறவர்களுக்கு. முதலில் பெரியவளிடம் பேசுங்கள். "தம்பியைக் காட்டுறியா?" என்று கேளுங்கள், கையைப் பிடித்து அவளே கூட்டிப்போவாள். கிலுகிலுப்பை ஏற்கெனவே நிறைய சேர்ந்துவிட்டது. கலர் பென்சில் வாங்கி வரலாம். அப்புறம், உதவ வேண்டும் என்று தோன்றினால் தாராளமாகச் சின்னவனைத் தூக்கிக்கொள்ளுங்கள். சோப்பு குழாயடியிலேயே இருக்கிறது.